பச்சை, கத்தி, தாடி: பகடை ஆட்டங்களில் அறச்சார்பின் பயன்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வகை ஆட்டங்களில் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆட்டம் நடக்கும். நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். சண்டையின் முடிவையும் பூட்டு திறக்குமா என்பதையும் பகடை சொல்லும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் இருக்கும். பலம், அறிவு, வேகம் என்று எண்கள் நிறைந்த அந்தத் தாளில் எண்ணால் சொல்ல முடியாத ஒரு வரியும் உண்டு. அதுதான் 'அலைன்மென்ட்'. தமிழில் அறச்சார்பு எனலாம். பாத்திரம் நன்மையின் பக்கமா, தீமையின் பக்கமா, இரண்டுக்கும் நடுவிலா என்பது ஒரு அளவுகோல். ஒழுங்குக்குக் கட்டுப்பட்டதா, ஒழுங்கைக் குலைப்பதா, இரண்டிலும் சேராததா என்பது மற்றொன்று. இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் ஒன்பது கட்டங்கள் கிடைக்கும். ஒழுங்குள்ள நல்லவர் ஒரு மூலையில் நிற்க, கட்டுக்கடங்காத தீயவர் எதிர்மூலையில் நிற்பார்.

இந்தக் கட்டங்களால் ஆட்டத்துக்கு என்ன பயன் என்ற சண்டை, ஆட்டம் பிறந்த நாளிலிருந்து ஓயவில்லை. சண்டை நீள்வதற்கு முக்கியக் காரணம், அறச்சார்பு ஒரே பெயரில் மூன்று வேலைகளைச் செய்துவந்திருப்பது. அது யார் எந்த அணி என்று காட்டியது. ஒருவரின் சுபாவத்தைச் சொன்னது. அவர்மீது தீர்ப்பும் எழுதியது.

முதலில் வந்தது அணி. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிடுவதற்கு முன்பே, 1971இல் 'செயின்மெயில்' என்ற போர் ஆட்ட விதிநூல் வந்திருந்தது. பொம்மைப் படைகளை மேசைமேல் நிறுத்தி மோதவிடும் ஆட்டம் அது. அதன் கற்பனைப் பகுதியில் எந்த உயிரினம் ஒழுங்கின் படையில் சேரும், எது குலைவின் படையில் சேரும், எது இரண்டிலும் சேராது என்று ஒரு பட்டியல் இருந்தது. சதுரங்கத்தில் வெள்ளைக் காய், கறுப்புக் காய் என்பதுபோலத்தான். வெள்ளைக் குதிரை நல்ல குதிரையா என்று யாரும் கேட்பதில்லை. ஒழுங்கும் குலைவும் உலகின் ஆதிசக்திகளாக மோதிக்கொள்ளும் எண்ணம் பால் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் ஆகியோரின் கற்பனைக் கதைகளிலிருந்து வந்தது. 1974 ஆட்டத்திலும் ஒழுங்கு, நடுநிலை, குலைவு என மூன்றே பிரிவுகள். நன்மை, தீமை என்ற சொற்கள் தனி அளவுகோலாக அதில் இல்லை.

1976 பிப்ரவரியில் கைகாக்ஸ் எழுதிய ஒரு கட்டுரை இரண்டாவது அளவுகோலைக் கொண்டுவந்தது. 1978இல் வெளியான ஆட்டக்காரர் கையேட்டில் ஒன்பது கட்டங்களும் நிறைந்துவிட்டன. அணிக்குறியாக இருந்தது அத்தோடு குணக்குறியும் ஆயிற்று. விரைவில் தண்டனைச் சட்டமாகவும் ஆயிற்று: பாத்திரம் தன் கட்டத்துக்கு மாறாக நடந்து கட்டம் மாறினால், பாடுபட்டுச் சேர்த்த நிலைகளில் ஒன்றை இழக்கும். 'பாலடின்' என்ற புனித வீரன் ஒழுங்குள்ள நன்மையிலிருந்து வழுவினால் அவனுடைய சிறப்புச் சக்திகள் போய்விடும். ஒவ்வொரு அறச்சார்புக்கும் ரகசிய மொழி ஒன்று உண்டு என்ற விதிகூட இருந்தது. அந்த விதியை நடைமுறையில் எப்படி ஆடுவது என்பது யாருக்கும் சரியாகப் பிடிபட்டதாகத் தெரியவில்லை.

ஒழுக்கத்தை வகைப்படுத்தி ஆட்டத்துக்குள் கொண்டுவருவது அமெரிக்காவில் புதுமையாக இருந்திருக்கலாம். திருவனந்தபுரம் வட்டாரத்துக்கு அது பழைய செய்தி. கதகளி மேடையில் ஒரு பாத்திரம் திரையை விலக்கி வெளியே வரும்போதே, வாய் திறக்காமலேயே (கதகளியில் நடிகர் பேசுவதில்லை, பாடகர்தான் பாடுகிறார்) பார்ப்பவருக்கு அதன் சுபாவம் தெரிந்துவிடும். முகத்தின் நிறமும் தாடியும் கிரீடமும் அதைச் சொல்லிவிடும். ராமன், அர்ஜுனன், நளன் பச்சை. ராவணன், துரியோதனன், கீசகன், நரகாசுரன் கத்தி. துச்சாதனன், வாலி சிவப்புத் தாடி. அனுமன் வெள்ளைத் தாடி. காட்டுவேடனும் நளசரிதத்தின் கலியும் கறுப்புத் தாடி. நக்ரதுண்டி போன்ற அரக்கியர் கரி. பெண்களும் முனிவர்களும் மினுக்கு. கதகளியில் திருவிதாங்கூர் அரண்மனைக்குப் பெரும் பங்கு உண்டு. 1758 முதல் 1798 வரை ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா 'நரகாசுரவதம்' உள்ளிட்ட ஆட்டக்கதைகளை, அதாவது கதகளிக்கான பாடல் நூல்களை, எழுதினார். மன்னர் சுவாதித் திருநாளின் அவையோடு நெருங்கியிருந்த இரயிம்மன் தம்பி 'கீசகவதம்', 'உத்தரா சுயம்வரம்', 'தக்ஷயாகம்' ஆகியவற்றைத் தந்தார்.

மேலோட்டமாகப் பார்த்தால் பச்சை நல்லவன், மற்றவர் கெட்டவர் என்றே தோன்றும். சுற்றுலாக் கையேடுகள் அப்படித்தான் சொல்கின்றன. கத்தி வேஷத்தைச் சற்று உற்றுப் பார்த்தால் அந்தக் கணக்கு நிற்காது. ராவணனின் முகத்திலும் அடிநிறம் பச்சைதான், ராமனின் முகத்தில் இருக்கும் அதே பச்சை. அதன்மேல் மேல்நோக்கி வளைந்த சிவப்பு மீசை, அதற்கு வெள்ளைக் கரை, மூக்கு நுனியிலும் நெற்றியிலும் வெள்ளை உருண்டை. உயர்குலத்து வீரம் அடியில் அப்படியே இருக்கிறது, மேலே அகங்காரம் கீறியிருக்கிறது. ராவணன் கயிலையைப் பெயர்ப்பதும் தவம் செய்வதும் கதகளி நடிகரின் திறமைக்கு உரைகல்லாக மதிக்கப்படும் காட்சிகள். அவற்றில் பார்வையாளர் ராவணனை வெறுப்பதில்லை, அண்ணாந்து பார்க்கிறார்.

துரியோதனனுக்கும் துச்சாதனனுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் துலக்கமானது. ஒரே தாய் பெற்றவர்கள், ஒரே அணி, ஒரே அநீதியில் பங்கு. ஆனால் அண்ணன் கத்தி, தம்பி சிவப்புத் தாடி. ஒருவன் சபை கூட்டி, சூது என்ற விதிமுறைக்குள் நின்று, விதியை வைத்தே அநீதி செய்கிறான். மற்றவன் கூந்தலைப் பிடித்து இழுக்கிறான். ஒன்பது கட்ட மொழியில் சொன்னால் முன்னவன் ஒழுங்குள்ள தீமை, பின்னவன் குலைவுள்ள தீமை. ஒற்றை அளவுகோல் இருந்தால் இருவரும் வெறும் 'கெட்டவர்' என்ற மூட்டைக்குள் போய்விடுவார்கள். இரண்டு அளவுகோல் வந்ததால் கிடைத்த உண்மையான லாபம் இதுதான். வில்லன்களுக்குள் வேற்றுமை காட்டத் தெரியாத ஆட்டம் இரண்டாவது வாரத்திலேயே சலித்துவிடும்.

வேஷம் அணியைக் காட்டுவதில்லை என்பதற்கும் கதகளியிலேயே சாட்சி உண்டு. வாலி சிவப்புத் தாடி. ராமனின் நண்பனான சுக்ரீவனும் சிவப்புத் தாடிதான். அனுமன் அவர்களைப் போலவே வானரன், ஆனால் வெள்ளைத் தாடி. ஆக நிறம் குலத்தையும் சொல்லவில்லை, எந்தப் பக்கம் போர் புரிகிறான் என்பதையும் சொல்லவில்லை. 'கிராதம்' ஆட்டக்கதையில் அர்ஜுனனைச் சோதிக்க வரும் வேடன் சாட்சாத் சிவன். மேடையில் அவர் வருவது கறுப்புத் தாடியில். எதிரே பச்சை முகத்தோடு நிற்கும் அர்ஜுனன் யாரென்று அறியாமல் கடவுளோடு மல்லுக்கு நிற்கிறான். பச்சை பார்த்துப் பக்கம் பிரித்தவர் அந்த இடத்தில் அர்ஜுனனோடு சேர்ந்து ஏமாறுவார்.

கதகளியின் வேஷம், பாத்திரம் எப்படி நடக்கும், எப்படிப் பார்க்கும், கோபம் எப்படி வரும் என்பதை நடிகருக்கும் பார்வையாளருக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்கும் ஏற்பாடு. கதை முடிவில் அது என்ன செய்யும், செய்தது சரியா என்பதை வேஷம் சொல்வதில்லை. மேசை ஆட்டத்தில் அறச்சார்பு நன்றாக வேலை செய்யும் இடமும் இதுவே. புதிதாக ஆட வந்தவருக்குத் தன் பாத்திரம் யாரென்று தெரியாது. சிறைக்காவலன் லஞ்சம் கேட்கிறான், என்ன செய்வது என்று தடுமாறுவார். 'ஒழுங்குள்ள நடுநிலை' என்ற இரண்டு சொற்கள் தாளில் இருந்தால் முதல் அடியை எடுத்துவைக்கலாம். ஆட்டத்தை நடத்துபவருக்கும் அதே உதவி. திடீரென்று பேசவேண்டிய ஐம்பது துணைப் பாத்திரங்களுக்கு அவர் ஐம்பது வாழ்க்கை வரலாறு எழுதிவைக்க முடியாது, ஐம்பது வேஷம் போட்டுவைக்கலாம்.

கெடுவது வேஷத்தைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும்போது. இதற்கு இந்தியாவிலிருந்தே ஒரு உதாரணம் உண்டு. 1977இல் வந்த அசுரப் பட்டியல் நூலான 'மான்ஸ்டர் மேனுவ'லில் 'ராக்ஷசா' என்று ஒரு பதிவு. புலித்தலை, வீட்டு அங்கி, கையில் புகைக்குழாய் என ஒரு படம். முதலில் இந்தியாவில் அறியப்பட்ட தீய ஆவி என்று விவரம், ஒழுங்குள்ள தீமை என்று அறச்சார்பு. எதிரியின் மனதைப் படித்து, அவர் நம்பும் உருவத்தை மாயையால் எடுத்துக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. இதில் பாதி நம் கதைகளோடு பொருந்தவே செய்கிறது. 'நரகாசுரவத'த்தில் நக்ரதுண்டி லலிதை என்ற அழகியாகவும், அசுவதித் திருநாளின் 'பூதனாமோக்ஷ'த்தில் பூதனை லலிதையாகவும் வருகிறார்கள். மேடையில் அவர்களுக்கு மினுக்கு வேஷம். கரியாக இருக்க வேண்டியவள் மினுக்காக நிற்கிறாள் என்பது பார்வையாளருக்குத் தெரியும், கதைக்குள் இருப்பவருக்குத் தெரியாது. நாடகத்தின் சுவையே அந்த இடைவெளியில் இருக்கிறது. பழைய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் தீமையைக் கண்டறியும் மந்திரம் ஒன்று இருந்தது. அதை உச்சரித்தவுடன் லலிதையின் வேஷம் கலைந்து, ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இந்த மந்திரத்தைத் திருத்தியது. அதன்படி அருகில் விண்ணுலகத்தவரோ பிசாசோ நடைப்பிணமோ இருப்பதை அது காட்டும், சாதாரண மனிதரின் மனம் நல்லதா கெட்டதா என்பதைக் காட்டாது.

மறு பாதி பொருந்தவில்லை. ஒரு இனம் முழுவதற்கும் ஒரே அறச்சார்பு எழுதினால், அந்த இனத்தில் பிறந்த குழந்தைக்கும் அது பொருந்துமா? தீய இனம் என்று எழுதப்பட்ட ஓர்க்குகளின் குகையைச் சூறையாடிய வீரர்கள் உள்ளே குழந்தைகளைக் கண்டால் என்ன செய்ய வேண்டும்? ஆட்டக்காரர்களிடையே தேய்ந்துபோன இந்தக் கேள்விக்கு விதிநூலில் நேர்மையான விடை கிடையாது. நம் கதைமரபில் பிரகலாதனும் விபீஷணனும் இருப்பதால் இந்தச் சிக்கல் தமிழ் வாசகருக்கு உடனே விளங்கும். 2020இல் ஆட்டத்தின் வெளியீட்டாளர்களான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட், பிறப்பால் தீயவை என்று சில இனங்களைச் சித்தரித்துவந்ததை மாற்றப்போவதாக அறிவித்தார்கள். சுபாவக் குறி பிறவிக் குறியாக நழுவியதைத் தாமதமாகவாவது கவனித்ததன் அடையாளம் அது.

நன்மை தீமை அளவுகோலைவிடக் கடினமானது ஒழுங்கு, குலைவு என்ற அளவுகோல். யாருடைய ஒழுங்கு என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. இதைச் சோதித்துப் பார்க்கக் கழக்கூட்டத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கும் இந்த ஊர் 1990இல் அமைந்த டெக்னோபார்க்கால் இன்று கணினித் துறையினருக்குப் பரிச்சயம். திருவிதாங்கூர் வரலாறு படித்தவருக்கோ அது கழக்கூட்டத்துப் பிள்ளையின் ஊர். எட்டு வீட்டுப் பிள்ளைமார் என்று அறியப்பட்ட நாயர் பிரபுக்களில் ஒருவர் அவர். குளத்தூர், செம்பழந்தி, பள்ளிச்சல், வெங்கானூர் என மற்றப் பிள்ளைமாரின் பெயர்களும் பெரும்பாலும் இன்றைய திருவனந்தபுரத்தின் ஊர்ப்பெயர்களாகவே இருக்கின்றன.

1729இல், பின்னர் திருவிதாங்கூராக வளர்ந்த வேணாட்டின் மன்னர் ராமவர்மா இறந்தார். தாய்வழி மருமக்கத்தாய முறைப்படி அரசு அவருடைய சகோதரி மகனான மார்த்தாண்டவர்மாவுக்குப் போக வேண்டும். மன்னரின் மகன்களான பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் உரிமை கோரினார்கள். பிள்ளைமார் தம்பிகளுக்குத் துணை நின்றார்கள். மார்த்தாண்டவர்மா வென்றார். தம்பிமார் நாகர்கோவிலில் கொல்லப்பட்டார்கள், பிள்ளைமாருக்கு மரணதண்டனை, குடும்பத்துப் பெண்கள் மீனவர்களிடம் ஒப்படைக்கப்பட்டார்கள் என்பது மரபுவழி வரலாறு. பிள்ளைமாரின் வீடுகளை இடித்து அந்த இடத்தில் குளம் தோண்டினார்கள் என்றும் சொல்கிறார்கள். மலையாளத்தில் 'குளம் தோண்டுவது' என்றால் இன்றும் அடியோடு அழிப்பது என்று பொருள்.

கழக்கூட்டத்துப் பிள்ளையின் தாளில் எந்த அறச்சார்பை எழுதுவது? அரண்மனைப் பக்கத்திலிருந்து பார்த்தால் கேள்வியே எழாது. வாரிசு முறையை மீறியவர்களுக்குத் துணைபோனவர், மன்னரைக் கொல்லச் சதி செய்தவர். ஆகவே குலைவுள்ள தீமை. சி. வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மார்த்தாண்டவர்மா' நாவல் பிள்ளைமாரைச் சதிகாரர்களாக வாசகர் மனதில் நிலைநிறுத்தியது. ஆனால் பிள்ளையின் முற்றத்தில் நின்று பார்த்தால் படம் தலைகீழாகும். தேசத்தில் வரி தண்டுவதும் நியாயம் தீர்ப்பதும் தலைமுறை தலைமுறையாக அவர் வீட்டின் உரிமை. அந்த வழக்கத்தை உடைத்து, தனக்கென நிரந்தரப் படை திரட்டி, அதிகாரத்தை ஒரே கையில் குவிக்க வந்தவர் மார்த்தாண்டவர்மா. வழக்கம்தான் ஒழுங்கு என்றால் ஒழுங்கைக் குலைத்தவர் மன்னர். பின்னர் 1750இல் அவர் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்து, இறைவனின் தாசனாக ஆள்வதாக அறிவித்தார். திருப்படிதானம் என்ற அந்தச் செயலுக்குப் பிறகு மன்னரை எதிர்ப்பது சாமிக்கு எதிரான குற்றம் ஆனது. வென்றவர் புதிய ஒழுங்கை எழுதிக்கொண்டார்.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதையின் மறுபக்கம் எட்டாத தூரத்தில் இல்லை. தென்திருவிதாங்கூரில் வில்லுப்பாட்டாக வழங்கிய 'தம்பிமார் கதை' தோற்றவர்களின் பக்கம் நின்று அழுகிறது. கொல்லப்பட்டவர்கள் அங்கே சதிகாரர்கள் இல்லை, வஞ்சிக்கப்பட்ட வீரர்கள். ஒரே நிகழ்ச்சி, சில காத தூரத்துக்குள், நாவலில் ஒரு வேஷத்தோடும் வில்லுப்பாட்டில் இன்னொரு வேஷத்தோடும் நடமாடுகிறது. இவற்றில் எது மெய் என்று அறச்சார்பு முறையால் தீர்க்க முடியாது. தீர்க்க முயன்றால் கதையின் பாதியை வெட்டி எறிய நேரும்.

மேசையில் இந்தச் சிக்கல் பாலடின் பாத்திரத்தின் வழியாகத்தான் அடிக்கடி வெடிக்கிறது. பாலடின் கொடுங்கோல் மன்னனின் சட்டத்தை மதிக்க வேண்டுமா, மீறி மக்களைக் காக்க வேண்டுமா? ஆடுபவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். ஆட்டத்தை நடத்துபவர் அது ஒழுங்கு மீறல் என்று சொல்லிப் பாத்திரத்தின் சக்தியைப் பறிக்கிறார். அறத்தைப் பற்றிய நல்ல விவாதமாக வளர்ந்திருக்க வேண்டியது, யார் சொல்வது செல்லும் என்ற வாக்குவாதமாகச் சுருங்கிவிடுகிறது. ஐந்தாம் பதிப்பு இதற்குக் கண்ட வழி எளிமையானது. பாலடினுக்கு அறச்சார்புக் கட்டாயத்தை நீக்கிவிட்டு, அவன் ஏற்றுக்கொண்ட விரதத்தை மட்டும் வைத்தது. இன்னது செய்வேன், இன்னது செய்யமாட்டேன் என்ற விரதம் வாசித்துச் சரிபார்க்கக் கூடியது. 'நல்லவன்' என்ற சொல்லை அப்படிச் சரிபார்க்க முடியாது. இதற்கு முன்பே 2008இல் வந்த நான்காம் பதிப்பு ஒன்பது கட்டங்களை ஐந்தாகக் குறைத்துப் பார்த்தது. அது நிலைக்கவில்லை, ஐந்தாம் பதிப்பில் ஒன்பதும் திரும்பி வந்தன. ஆட்டக்காரர்களுக்கு அந்தக் கட்டங்கள்மேல் ஒரு பாசம் இருக்கிறது. சினிமாப் பாத்திரங்களையும் அரசியல்வாதிகளையும் ஒன்பது கட்டத்துக்குள் அடுக்கிப் பார்க்கும் பொழுதுபோக்கு, பகடையைத் தொட்டே பார்க்காதவர்களிடமும் பரவிவிட்டது. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குப் போட்டியான பாத்ஃபைண்டர் ஆட்டம் 2023இல் அறச்சார்பை முற்றாகக் கைவிட்டது. அதற்குப் பதிலாகப் பாத்திரம் பின்பற்றும் கட்டளைகளும் விலக்குகளும் வந்தன.

வேறு பாதையும் உண்டு. கிரெக் ஸ்டாஃபோர்ட் 1985இல் வெளியிட்ட 'பென்டிராகன்' ஆர்தர் மன்னனின் வீரர்களைப் பற்றியது. அதில் நல்லவன், கெட்டவன் என்ற கட்டம் கிடையாது. கருணை–கொடுமை, பணிவு–செருக்கு, வீரம்–கோழைத்தனம் என்று பதின்மூன்று எதிரிணைகள் உண்டு. ஒவ்வொரு இணையின் இரண்டு எண்களையும் கூட்டினால் 20 வரவேண்டும். கருணை 14 என்றால் கொடுமை 6. நெருக்கடியில் பகடை உருட்டினால் பாத்திரம் தன் இயல்புக்கே எதிராகவும் நடந்துவிடலாம். எந்தக் குணங்கள் போற்றத்தக்கவை என்பதும் மதத்துக்கு மதம் மாறும். கிறிஸ்தவ வீரனுக்கு ஒரு பட்டியல், பழைய தெய்வங்களை வணங்குபவனுக்கு வேறொன்று. இவற்றோடு தலைவன்மேல் விசுவாசம், குடும்பத்தின்மேல் அன்பு போன்ற பற்றுகளுக்கும் தனித்தனி எண்கள் இருக்கும். இரண்டு பற்றுகள் மோதும் இடத்தில்தான் அந்த ஆட்டத்தின் சிறந்த காட்சிகள் பிறக்கின்றன.

கணக்கு அதிகம் என்பது இதன் குறை. ஒரு மாலைப்பொழுது ஆட்டத்துக்கு இருபத்தாறு எண்கள் பெரும் பாரம். ஒன்பது கட்டம் இரண்டே சொல்லில் முடிந்துவிடும். அதனால் அவசரத்துக்கு வந்துபோகும் துணைப் பாத்திரங்களுக்குக் கட்டமும், நெடுநாள் ஆடப்போகும் பாத்திரங்களுக்கு விரதமோ பற்றோ எழுதுவதுதான் நடைமுறையில் பொருத்தமானது. கழக்கூட்டத்துப் பிள்ளையைப் பாத்திரமாக எடுப்பவர் அவர் தாளில் நன்மை, தீமை என்று ஒன்றும் எழுத வேண்டியதில்லை. வீட்டின் உரிமைமேல் பற்று 17, மறைந்த மன்னரின் பிள்ளைகள்மேல் பற்று 13, பத்மநாபன்மேல் பக்தி 16 என்று எழுதிக்கொண்டு, தம்பிகளின் ஆள் இரவில் கதவைத் தட்டும் காட்சியிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கலாம்.